கல்வெட்டில் நான் எழுதாத ஊர்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை வெளியே எடுத்துவிட்டு, கேற்றைச் சாத்திக்கொண்டிருந்தபோது நேசனின் மனைவி சாந்தாவின் தொலைபேசி வந்தது. "அண்ணை, இவர் எழும்புறாரில்லை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுன்னாகத்திலிருந்து அரியாலைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நேசனின் கை குளிர்ந்துபோயிருந்தது. இருதய வைத்தியனாக மற்றவர்களின் நெஞ்சு வருத்தத்தைப் பார்த்தே பெயர் எடுத்தவன் நான். என் நண்பனுக்கு வந்ததை எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

பிள்ளை வைத்தியர் சிவநேசனை உங்களில் அநேகருக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ மருந்து எழுதியிருப்பான். மருந்து வேண்டாம், கொண்டுபோய்க் கஞ்சி கொடுங்கள் என்று ஏசி அனுப்பியும் இருப்பான். அவன் என்றே எழுதுகிறேன். மருத்துவ பீடத்தில் ஒரே வகுப்பில் படித்து ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவர் என்று எழுதினால் நான் ஏற்கனவே எழுதிக் கெடுத்த கல்வெட்டுப் போல இதுவும் ஆகிவிடும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மத்தியானம் உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு மாஸ்டர் மதிலடியில் நின்று விசாரித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், நல்ல மனிதர். செய்தியைக் கேட்டதும் உண்மையாகவே கண் கலங்கினார். தன் பேத்திக்குச் சளிக்காய்ச்சல் முற்றி மூச்சு எடுக்க முடியாமல் கிடந்தபோது அவளைத் திருப்பித் தந்தவர் நேசன் டொக்டர்தான் என்று சொல்லி, தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் கேட்டார்.

"ஆள் எவடம்?"

"அரியாலை."

"இருக்கிறது அரியாலை, அது தெரியும் தம்பி. சொந்த இடம்?"

"எனக்குச் சரியாத் தெரியேல்லை மாஸ்டர்" என்றேன்.

நேசனின் ஊர் எனக்குத் தெரியாதாம். படிக்கிற காலத்தில் லீவு கிடைத்தால் நான் சைக்கிளில் போய் இறங்கியது அந்த ஊரில்தான். அவனுடைய அம்மா சமைத்த நண்டுக் கறிக்கு என் வீட்டில் ஈடு இல்லை என்று என் அம்மாவிடமே சொல்லி ஏச்சு வாங்கியவன் நான். அவன் உடம்பு இன்னும் பெட்டியில்கூட வைக்கப்படவில்லை. அதற்குள் அவன் ஊரை மறைத்துவிட்டேன்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு, எந்த இடம் என்ற இந்தக் கேள்வி ஒரு குசல விசாரிப்பாகத்தான் படும். எங்களுக்கு அது அப்படி இல்லை. ஊரின் பெயரும் தகப்பனின் பெயரும் கிடைத்துவிட்டால் ஆளை வீட்டுக்குள் எந்த இடம் வரைக்கும் விடலாம், எதில் தேத்தண்ணி கொடுக்கலாம் என்பதெல்லாம் தீர்ந்துவிடும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்கிற கெட்டித்தனம் எங்களுடையது. இதை வாசிக்கிற நீங்களும் இப்போது நேசனின் ஊர் எதுவாக இருக்கும் என்று மனதுக்குள் தேடத் தொடங்கியிருப்பீர்கள். கோபிக்க வேண்டாம், உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எங்கள் வகுப்பில் பிள்ளை வைத்தியம் எடுத்தவர்கள் சிலர்தான். ஒருத்தியின் தம்பி சின்ன வயதில் காய்ச்சலில் செத்துப்போனான், அவள் அதற்காக எடுத்தாள். இன்னொருவனுக்கு அந்தப் பாடத்தில்தான் நல்ல புள்ளி வந்தது, அதனால் எடுத்தான். குழந்தைகள் என்றால் உயிர் என்று சொன்ன ஒருவன் இரண்டு மாதத்தில் அழுகைச் சத்தம் தாங்காமல் கண் வைத்தியத்துக்கு ஓடிவிட்டான். நேசனுக்குக் குழந்தைகள் மேல் அப்படியொரு விசேஷப் பிரியம் ஆரம்பத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. பொறுமையும் கிடையாது. சீட்டாட்டத்தில் தோற்றால் சீட்டைக் கிழித்துப்போடுகிறவன். இருதய வைத்தியம் படிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் திட்டமாகவும் இருந்தது. படிப்பில் என்னைவிட அவன் எப்போதும் ஒரு படி மேலே.

படிப்பு முடிந்து பயிற்சிக்காலத்தில் முதலில் எங்களைப் பெரிய ஆட்களின் வார்ட்டில் போட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வயோதிபர் வந்து படுத்தார். நேசன் அவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர் அந்த இளைப்போடு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார், தம்பி எவடம் என்று. நேசன் சொன்னான். ஆற்ரை மோன், யாருடைய மகன் என்று அடுத்த கேள்வி. அதையும் சொன்னான். அவர் சட்டையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நீங்கள் ஒருக்கால் பாருங்கோ தம்பி என்றார். நேசன் என்னிடம் குழாயை நீட்டினான். நான் வாங்கிப் பார்த்தேன். வேறு என்ன செய்திருக்கலாம் என்று அப்போது தெரியவில்லை.

அந்த வார்ட்டில் அது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். சிலர் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். சிலர் தங்கமான பிள்ளை என்று புகழ்ந்துவிட்டு, அவன் எடுத்துக் கொடுத்த தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு நேர்ஸ் வரும்வரை காத்திருந்தார்கள். நேசன் ஒருமுறைகூட ஊரை மாற்றிச் சொன்னதில்லை. நகரத்தின் பெயர் ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கும்படி நான் யோசனை சொன்னபோது, நீ உன்ரை ஊரை மாத்திச் சொல்லுவியோ என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. நல்லதுக்குத்தானே சொல்கிறேன் என்று நினைத்தேன்.

பிறகு பிள்ளைகளின் வார்ட். முதல் கிழமை, குருநகரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண்பிள்ளை. காலில் மீன் முள் ஏறிப் புண் சீழ் வைத்திருந்தது. நேசன் கிட்டப் போனதும் அவள் காலை இழுத்துக்கொண்டு கேட்டாள், நீங்கள் எவடம் என்று. வீட்டில் பெரியவர்கள் கேட்பதைக் கேட்டுப் பழகியிருப்பாள். நேசன் வழக்கம்போலத் தன் ஊரைச் சொன்னான். அங்கே நாய்க்குட்டி இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருக்கிறது என்றான். கறுப்பா வெள்ளையா என்றாள். கறுப்பு என்றான். அது கடிக்குமா என்றாள். அதன் பிறகு தன் கவலைக்கு வந்து, ஊசி போடுவீங்களோ என்று கேட்டாள். ஓம், போடுவன், நோகும், கெதியா முடிஞ்சிடும் என்றான். தாய் பதறிப்போய், நோகாது எண்டு சொல்லுங்கோ டொக்டர் என்று கண்ணைக் காட்டினாள். பிள்ளை காலை நீட்டிவிட்டது.

அன்று பின்னேரம் கன்ரீனில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டுக் கலக்கினான். பிறகு, பிள்ளை வைத்தியம்தான் எடுக்கப்போகிறேன் என்றான். எனக்கு விசர் பிடித்ததுபோல இருந்தது. உன் மூளைக்கு இருதயத்தை விட்டுவிட்டு ஏன் மூக்குச்சளியோடு மல்லுக்கட்டப் போகிறாய் என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குப் பெரியாக்கள் பயம் மச்சான். பிள்ளையள் கேக்கிற கேள்வியெல்லாத்துக்கும் உண்மையான பதில் சொல்லலாம். சொன்னாப்பிறகும் அதுகள் காலை நீட்டும்."

இதுதான் காரணம். இதைவிட வேறு காரணம் எதையும் அவன் என்னிடம் சொன்னதில்லை. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் பிரதம விருந்தினராகக் கூப்பிட்டு, ஏன் டொக்டர் பிள்ளை வைத்தியம் எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். பெரியவர்கள் தங்கள் வருத்தத்தைப் பற்றிப் பொய் சொல்லுவார்கள், பிள்ளை சொல்லாது என்பான். சபை சிரிக்கும், கை தட்டும். முன்வரிசையில் இருந்து நானும் தட்டியிருக்கிறேன்.

ஆனால் பிள்ளை தனியாக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லையே. தாய், தகப்பன், தாத்தா, மாமிமார் எல்லோரும் வருவார்கள். அச்சுவேலிப் பக்கம் பெரிய தோட்டக்காரர் ஒருவரின் பேரனுக்கு வலிப்பு வந்து, கண் மேலே போய், தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நேசனைக் கண்டதும் தாத்தா நின்றுவிட்டார். நேசனின் அப்பா முன்பு அவருடைய காணியில் வேலி அடைத்தவர். முகச்சாடையில் பிடித்துவிட்டார். "நீர் அவன்ரை மோன் எல்லே" என்றார். பிறகு தானாகவே, "சரி சரி, உதுகளைப் பாக்கிற நேரமே இது, பிள்ளையைப் பாரும்" என்றார். நேசன் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்து ஏற்றி, காய்ச்சலை இறக்கி, பிள்ளை கண் திறந்து தாயைத் தேடும்வரை பக்கத்தை விட்டு அசையவில்லை.

அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நேசனை அழைத்தார்கள். நானும் கூடப் போனேன், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். விறாந்தையில் நேசனுக்கு நல்ல கதிரை போட்டு, விசிறியைத் திருப்பிவிட்டு, தாத்தாவே எழுந்து வந்து ஓரேஞ் சோடாவை உடைத்துக் கையில் கொடுத்தார். எனக்கு உள்ளே கூப்பிட்டுக் கோப்பையில் தேத்தண்ணி தந்தார்கள். என்ன மரியாதையாக நடத்துகிறார்கள் என்று நான் மெய்யாகவே சந்தோஷப்பட்டேன். திரும்பி வரும்போது அதைச் சொன்னேன். நேசன் காரை ஓட்டிக்கொண்டே சிரித்தான். போத்தலை வெறும் போத்தலாகக் கடைக்குத் திருப்பி அனுப்பலாம், கோப்பையை என்ன செய்வது என்று கேட்டான். அவன் வாய் வைத்த கோப்பையில் பிறகு அந்த வீட்டார் குடிக்க மாட்டார்கள் என்பது எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"எல்லா வீட்டிலையும் எனக்குச் சோடாதான் மச்சான். சீனி வருத்தம் வந்ததே உதாலைதான்" என்றான். பிறகு, "பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் எங்கடை சனம் எவடம் எண்டு கேக்க மறந்திடும். காய்ச்சல் இறங்கினவுடனை ஞாபகம் வந்திடும்" என்றான்.

பகிடி போலத்தான் சொன்னான். நானும் பகிடியாகவே எடுத்துக்கொண்டேன். அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளை அவன் கடைசிவரை பார்த்தான். சோடாவையும் குடித்தான். சீனிக்கு மருந்து எழுதிக் கொடுத்தது நான்தான்.

இனி கல்வெட்டுக்கு வருகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்கு, சாப்பாடு முடிந்து போகும்போது கையில் கொடுக்கிற சின்ன நினைவுப் புத்தகத்தை நாங்கள் கல்வெட்டு என்போம். கடவுள் வணக்கம், பிறகு ஊர்ப் பெருமை, பிறகு குடிப் பெருமை, அதற்குப் பிறகுதான் இறந்தவரின் வாழ்க்கை என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. என் அப்பாவின் கல்வெட்டை நானே எழுதினேன். எங்கள் ஊரின் தோட்டத்தையும் கோயிலையும் துரவையும் பக்கம் பக்கமாக வர்ணித்தேன். வாசித்தவர்கள் உச்சிமேல் வைத்துப் புகழ்ந்தார்கள். அந்தப் பெயரால்தான் சாந்தா நேசனின் கல்வெட்டையும் என்னிடம் விட்டாள். அண்ணை எழுதினால் இவருக்குப் பிடிக்கும் என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். கடவுள் வணக்கம் எழுதியாயிற்று. ஊர்ப் பெருமை என்ற இடத்தில் பேனை நின்றது. அந்தியேட்டிக்கு யார் யார் வருவார்கள் என்று யோசித்தேன். பெரிய டொக்டர்மார், கல்லூரி அதிபர், எங்கள் சொந்தக்காரர், மாஸ்டர். அவர்களில் தெரியாதவர்களுக்கு அவன் அரியாலை டொக்டராகவே இருக்கட்டும், செத்த பிறகு எதற்கு அவர்களின் வாய்க்கு அவல் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். யாழ்ப்பாண மண்ணில் பிறந்து என்று ஒரு வரி எழுதிவிட்டு, நேராகக் கல்லூரிப் படிப்புக்குப் போய்விட்டேன். பிள்ளை வைத்தியம் எடுத்த காரணத்துக்கு, மழலைச் சிரிப்பிலே இறைவனைக் கண்டதால் என்று எழுதினேன். நல்ல ஓசையாக இருந்தது. அச்சகத்தில் நானே நின்று அடிப்பித்து, அந்தியேட்டி அன்று காலை கட்டோடு கொண்டுபோய் இறக்கினேன். அதற்குமுன் வீட்டில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. சனம் கலையத் தொடங்கியிருந்தது. நேசனின் மகள் ஆரபி கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அவளும் டொக்டர். பயிற்சியை முடித்துவிட்டு மேற்படிப்புக்கு எதை எடுப்பது என்ற யோசனையில் இருந்தவள். அழுது வீங்கிய முகம். ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

"மாமா, அப்பான்ரை ஊர் இதிலை இல்லை."

அச்சகத்தில் விட்டிருப்பார்கள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. நான்தான் எழுதவில்லை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பக்கத்தைப் புரட்டி அந்த மழலைச் சிரிப்பு வரியைக் காட்டினாள்.

"இதை அப்பா சொன்னவரோ?"

"இல்லை."

"எனக்குச் சொன்னவர், பெரியாக்கள் பயம் எண்டு. ஏன் பயம் எண்டும் சொன்னவர்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்னைவிட வயதில் எவ்வளவோ சின்னப் பிள்ளை முன்னால் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. அவனை அந்த முதியவரிடமிருந்தும், சோடாக்காரரிடமிருந்தும், மாஸ்டரிடமிருந்தும் காப்பாற்றுவதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்க வேண்டிய ஊர் என்று முதலில் தீர்மானித்தது அவர்களோடு சேர்ந்து நான்தான். அவன் ஒருநாளும் மறைக்காததை, அவனால் வாய் திறக்க முடியாத நேரம் பார்த்து, அவன் பெயர் போட்ட புத்தகத்திலேயே மறைத்தேன். எங்கள் சனம் அவனுக்குச் செய்த எதையும்விட இது கேவலம். அவர்களாவது உயிரோடு இருந்தவனிடம் கேட்டார்கள், பதிலும் கிடைத்தது.

ஆரபி கல்வெட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, தான் பிள்ளை வைத்தியம் எடுக்கப்போவதில்லை என்றாள். அப்பாவின் கதிரையில் மகள் இருப்பாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

"நான் பெரியாக்களைத்தான் பாக்கப்போறன் மாமா. கேக்கட்டும். சொல்லுறன்."

இந்த மாதம் அவள் என் வார்ட்டிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தாள். போன கிழமை சுற்றுக்குப் போனபோது, நெஞ்சு வருத்தத்தோடு வந்திருந்த ஒரு ஆச்சியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கட்டிலில் நின்றேன். ஆச்சி அவளுடைய கையைத் தடவி, என்ன வடிவான பிள்ளை என்று சொல்லிவிட்டு, எவடம் பிள்ளை என்று கேட்டாள். ஆரபி காதிலிருந்து குழாயை எடுக்காமலே தன் தகப்பனின் ஊரைச் சொன்னாள். அப்பாவும் அப்பப்பாவும் அந்த ஊர்தான் ஆச்சி, மூச்சை நல்லா இழுத்து விடுங்கோ என்றாள்.

நான் ஆச்சியின் முகத்தைப் பார்த்தேன். அது மாறுகிறதா, கை பின்னால் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரபி பார்க்கவில்லை. அவளுக்கு அந்த முகத்தால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை, ஆச்சியின் நெஞ்சில் என்ன சத்தம் கேட்கிறது என்பதுதான் வேண்டியிருந்தது. இத்தனை வருடமும் நேசனுக்குப் பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்ததும் இப்படிப்பட்ட முகங்களைத்தான். நேசனை எப்போதாவது பார்த்தேனா என்று தெரியவில்லை.

அவனுடைய பேனையோ குழாயோ என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் ஆரபி வைத்திருக்கிறாள், அவளிடம் இருப்பதுதான் முறை. என்னிடம் மிஞ்சியிருப்பது வெட்கம் ஒன்றுதான். ஆறுதல் சொல்லி அதை யாரும் குறைக்க வர வேண்டாம், அவன் நினைவாக அதை வைத்திருக்கவே விரும்புகிறேன். மாஸ்டரிடம் நேற்றுப் போய் நேசனின் ஊரைச் சொல்லிவிட்டேன். கல்வெட்டு கைகளுக்குப் போய்விட்டது, திருப்பி வாங்க முடியாது. அதனால் உங்களுக்கு இங்கே எழுதுகிறேன்: டொக்டர் சிவநேசன் பிறந்தது இலந்தைவெளியில். அந்த ஊரின் பெருமை எனக்குத் தெரியும், கல்வெட்டில் நான் எழுதவில்லை.